பாஸ்டனில் ஒரே ஒரு ஞாயிறு: அம்மாவோடு ஒரு தேவாலயமும் இரண்டு பூங்காக்களும்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலுவலக வேலையாக மே மாதம் பாஸ்டன் வருகிறேன். அம்மாவும் கூட வருகிறார். எங்களுக்கு ஓய்வாகக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறுதான். பழமையான தேவாலயம் ஒன்றில் ஆராதனைக்குப் போய்விட்டு, அப்புறம் ஊருக்குள் இருக்கும் பூங்காக்களைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அவருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. எங்கே போகலாம்? ஓல்ட் நார்த் சர்ச்தான் பார்க்க வேண்டிய இடம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?"

இந்த ஊர்ப் பக்கம் நான் பல வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பலரைக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஓல்ட் நார்த்தை இந்த ஞாயிறுக்கு விட்டுவிடுங்கள். பார்க் ஸ்ட்ரீட் சர்ச்சில் ஆராதனை, பக்கத்திலேயே பாஸ்டன் காமன், அதைத் தாண்டினால் பப்ளிக் கார்டன், கடைசியில் கோப்ளி சதுக்கம். எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர்கூடத் தேறாது, ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கிறது. வழியெல்லாம் பெஞ்சு உண்டு. நடுவில் அம்மா களைத்துப் போனால் கீழேயே ரயில் ஓடுகிறது.

ஃப்ரீடம் டிரெயில் என்று தரையில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். பதினாறு வரலாற்று இடங்களை இணைக்கும் நான்கு கிலோமீட்டர் பாதை அது. அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்விட வேண்டும் என்று நினைக்காதீர்கள். போனவர்கள் பலர் பதினாறு வாசல்களின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எதிலும் உட்கார்ந்து வரவில்லை. உங்கள் அம்மா கேட்டிருப்பது உட்காருவதற்கான ஞாயிறு என்றே எனக்குப் படுகிறது.

ஓல்ட் நார்த் ஏன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். 1723-ல் கட்டியது. இந்த நகரத்தில் இன்று நிற்கும் தேவாலயக் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடந்து வருகிறது என்று அதன் கோபுரத்தில் இரண்டு லாந்தர்களை ஏற்றிக் காட்டினார்கள். மறுநாள் காலை லெக்சிங்டனில் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. உள்ளே ஒவ்வொரு குடும்பமும் விலை கொடுத்து வாங்கிய பெட்டி போன்ற அடைப்பு இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. குளிர்காலத்தில் தணல் போட்ட கணப்பை உள்ளே வைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாமலிருக்க அந்த உயரமான பலகைகள். தூண்களுக்கு மேலே 1730 வாக்கில் வரைந்த தேவதை முகங்கள் 1912-ல் வெள்ளைச் சாயத்துக்கு அடியில் போய்விட்டன. அண்மையில் சாயத்தைச் சுரண்டி அவற்றில் சிலவற்றை மீட்டிருக்கிறார்கள். ஹோண்டுராஸ் கரையில் அடிமைகளை வைத்து மரம் வெட்டிய வணிகர்களின் பணமும் அந்தக் கோபுரத்தில் இருக்கிறது. தேவாலயத்தார் அதை இப்போது மறைப்பதில்லை, அவர்களே எடுத்துச் சொல்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது இருக்கும் நார்த் எண்ட் குறுகலான செங்கல் நடைபாதைகள் கொண்ட பழைய பகுதி. ஞாயிறு மதியம் அங்கே நிற்க இடம் இருக்காது. மூட்டுவலிக்காரரை அந்தக் கூட்டத்தில் நடத்திக்கொண்டு போக எனக்கு மனம் வராது. ஏதாவது ஒரு வேலை நாளில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

பார்க் ஸ்ட்ரீட் சர்ச்சை நான் சொல்வதற்கு அது பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் காரணமில்லை. நீங்கள் மதுரைக்காரர். அதனால் இந்த மூலைக்கு ஒரு முறை வந்தே ஆக வேண்டும்.

முதலில் கட்டடம். 1809-ல் சபை தொடங்கி, 1810-ல் கட்டி முடித்தார்கள். சிவப்புச் செங்கல், அதன்மேல் அடுக்கடுக்காக ஏறும் வெள்ளைக் கோபுரம், உயரம் 217 அடி. பிரிட்டனோடு நடந்த 1812 போரின்போது நிலவறையில் வெடிமருந்து வைத்திருந்தார்களாம், இந்த மூலைக்கு 'கந்தக மூலை' என்று ஒரு பேர் வந்ததற்கு அதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். நெருப்புப் பறக்கும் பிரசங்கங்கள்தான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. 1829 ஜூலை 4 அன்று வில்லியம் லாயிட் கேரிசன் என்ற 23 வயது இளைஞர் இங்கே ஏறி நின்று அடிமை முறைக்கு எதிராகப் பேசினார். நாடே விடுதலை நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இருபது லட்சம் பேர் விலங்கில் இருக்கையில் இது என்ன விடுதலை என்று கேட்டார். அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கும் மேல் அதே வேலையாக இருந்தார்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். அமெரிக்கன் மிஷன் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதன் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருந்தது. இங்குள்ள காங்கிரிகேஷனல் சபைகள் (தம்மைத் தாமே நிர்வகித்துக்கொள்ளும் புராட்டஸ்டன்ட் சபைகள்) காசு சேர்த்து ஆள் அனுப்பிய சங்கம் அது. 1819-ல் மைரன் வின்ஸ்லோ, அவர் மனைவி ஹேரியட், ஜான் ஸ்கடர், லீவை ஸ்பால்டிங் ஆகியோர் இருந்த ஒரு குழு பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் போனது. அதே வருடம் அக்டோபரில், ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்பட்ட குழுவை ஒரு சபையாக நிறுவி வழியனுப்பியது இந்தப் பார்க் ஸ்ட்ரீட் சர்ச்சில்தான்.

யாழ்ப்பாணத்துக்கு முன்பே போயிருந்தவர்களும் இந்த வின்ஸ்லோ குழுவினரும் சேர்ந்து 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். 1824-ல் ஹேரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்ணைப் படிக்க வைத்தால் யார் கட்டுவார்கள் என்று ஊர் கேட்ட காலம். அவர் 1833-ல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது. மைரன் வின்ஸ்லோ பிறகு சென்னைக்கு வந்து, தமக்கு முன்னிருந்தவர்கள் சேர்த்து வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு, 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862-ல் வெளியிட்டார். ஊர் திரும்பும் வழியில் 1864-ல் தென்னாப்பிரிக்க முனையில் காலமானார்.  ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கியவர்.

இந்த மிஷனைச் சேர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். உங்கள் ஊரின் அமெரிக்கன் கல்லூரி 1881-ல் பசுமலையில் முளைத்தது இந்த வேரிலிருந்துதான். மிஷனரிகள் செய்ததில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. நம் வழிபாட்டைப் பற்றி அவர்கள் எழுதியவற்றில் பலவற்றைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஆறுமுக நாவலர் அவர்களோடு மோதியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஆனாலும் நம் மொழியின் அகராதிக்கும், மதுரையில் ஒரு கல்லூரிக்கும் நூல் பிடித்துப் போனால் இந்த ஊருக்கு வந்து சேர்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைத் தொடுகிறது. தேவாலயத்திலிருந்து கொஞ்சம் மேலே, பீக்கன் தெருவில் 14ஆம் எண் கட்டடத்தை வெளியிலிருந்து பாருங்கள். காங்கிரிகேஷனல் சபைகளுக்காக 1898-ல் எழுப்பியது, அந்த மிஷன் சங்கம் அங்கேதான் குடிபெயர்ந்தது. அந்தப் பக்கம் ஏற்றம், அதனால் அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வரலாம்.

ஆராதனை ஞாயிறு காலையில். நேரம் பருவத்துக்கேற்ப மாறும், முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கட்டணம் இல்லை. உள்ளே வெள்ளைச் சுவர், உயரமான ஜன்னல், பிரசங்க மேடை, அவ்வளவுதான். சுரூபம், ஓவியம் ஒன்றும் கிடையாது. சொல்லே போதும் என்று நம்பியவர்கள் கட்டியது, அந்த வெறுமைக்கு ஓர் அழகு இருக்கிறது. வாசலில் வரவேற்க நிற்பவர்களிடம், படி ஏறாமல் போக வழி கேளுங்கள், அழைத்துப் போவார்கள். ஆராதனை நடக்கும்போது படம் எடுக்க வேண்டாம்.

முடிந்து வெளியே வந்தால் ஒட்டியே கிரேனரி இடுகாடு. தேவாலயம் நிற்கும் இடத்தில் முன்பு நகரத்தின் தானியக் களஞ்சியம் இருந்தது, அந்தப் பெயர்தான் இடுகாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. 1660-லிருந்து இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின் நாயகர்களான சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் எல்லோரும் இங்கேதான். கற்பலகைகளில் சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கியிருப்பார்கள், அம்மா அதைப் பார்த்து முகம் சுளித்தால், உயிர் பறந்து போவதைத்தான் அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

தெருவைத் தாண்டினால் காமன். 50 ஏக்கர். இதை வெறும் பூங்கா என்று நினைத்துப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். புல்வெளி, மரம், தேய்ந்த பாதைகள், அவ்வளவுதான். ஆனால் இது முதலில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். நம் ஊர் மந்தைவெளி, புறம்போக்கு மாதிரி. வில்லியம் பிளாக்ஸ்டன் என்பவரிடமிருந்து 1634-ல் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு 30 பவுண்டுக்கு வாங்கினார்கள். மாடு மேய்க்க, படை பழக. 1830 வரை இங்கே மாடு மேய்ந்தது. பிரிட்டிஷ் படை கூடாரம் அடித்தது, 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் பேசியது, 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் திருப்பலி நிறைவேற்றியது எல்லாம் இந்தப் புல்லின் மேல்தான். நகரத்தின் நட்டநடுவில், சதுர அடிக்கு விலை சொல்ல முடியாத இடத்தில், கிட்டத்தட்ட நானூறு வருடங்களாக யாரும் இதைப் பட்டா போட விடவில்லை. நம் ஊர்க் கண்மாய்களுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு இங்கே நடக்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

மேல் பக்கம் தங்கக் கூரை போட்ட சட்டமன்றம் தெரியும். அதற்கு எதிரே, தெரு ஓரத்தில், ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைத்த 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு அணிவகுத்துப் போகும் காட்சி. அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் பல வருடங்கள் உழைத்து 1897-ல் முடித்தார். குதிரையில் அதிகாரி, பக்கத்தில் நடந்து போகும் வீரர்கள். ஒவ்வொரு வீரரின் முகமும் வேறு வேறு ஆளின் முகம். மேடு ஏற முடிந்தால் பாருங்கள். கேரிசன் பேசியது, இந்தப் படை இந்தத் தெரு வழியாகப் போருக்குப் போனது, இரண்டுக்கும் நடுவே 34 வருடம். தூரம் ஒரு சில நிமிட நடை.

மேடு வேண்டாம் என்றால் கீழ்ப்பாதையிலேயே ஃபிராக் பாண்டு பக்கம் போங்கள். தவளைக் குளம் என்று பெயர், இப்போது தவளை இல்லை. குளிர்காலத்தில் சறுக்குவார்கள், கோடையில் பிள்ளைகள் தண்ணீரில் ஆடுவார்கள். பக்கத்தில் கழிப்பறை உண்டு, பெரியவர்களோடு போகும்போது இது முக்கியமான தகவல். மதியச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சோறோ தயிர்ச் சோறோ கட்டிக்கொண்டு வந்தால் ரொம்ப நல்லது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அணில்கள் காலடிக்கே வரும். என் அம்மா வந்தபோது ஒரு அணிலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "முதுகுல கோடே இல்லையேடா, ராமர் தடவாத அணிலா இது?" என்று கேட்டார். சாம்பல் நிறத்தில் பெரிதாக இருக்கும், வேறு இனம். இவையும் தாமாக வந்தவை அல்ல, நகரத்து மனிதர்கள் பார்த்து மகிழட்டும் என்று 1850-களில் கொண்டுவந்து விட்டார்கள். சோறு போட வேண்டாம், பையைத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

சார்ல்ஸ் தெருவைக் கடந்ததும் பப்ளிக் கார்டன். காமனுக்கும் இதற்கும் நடுவில் ஒரு தெருதான், ஆனால் உலகமே மாறிவிடும். காமன் ஊர்ச் சொத்தாகத் தானே வளர்ந்தது. இது ஆசைப்பட்டு உண்டாக்கியது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உவர்ச் சேறாகக் கிடந்த இடத்தை 1837-ல் தாவரத் தோட்டத்துக்கென்று ஒதுக்கினார்கள். பொதுமக்களுக்கான தாவரத் தோட்டம் அமெரிக்காவில் இதற்கு முன் இல்லை. 24 ஏக்கர். நடுவில் குளம், கரையெல்லாம் அழுகை வில்லோ மரங்கள், குளத்தின் மேல் 1867-ல் கட்டிய சின்னப் பாலம். மே முதல் பாதியில் வந்தால் பாத்தி பாத்தியாகத் துலிப் பூத்திருக்கும். இதற்காகவே உங்கள் மாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்கு இந்த நாளின் சிறந்த கால் மணி நேரம் அன்னப் படகாகத்தான் இருக்கும். 1877-லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. தட்டையான படகு, பெஞ்சு வரிசைகள், பின்னால் பெரிய வெள்ளை அன்ன உருவம். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து சைக்கிள் போல மிதிப்பார். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. குளத்தைச் சுற்றி வர சுமார் 15 நிமிடம். வாத்துகள் கூடவே நீந்தி வரும். ஏறி இறங்குவதும் சிரமமில்லை. பலத்த காற்றோ மழையோ இருந்தால் ஓட்டமாட்டார்கள். நம் பக்கத்து மே மாதத்தை நினைத்து மெல்லிய சேலையோடு கிளம்பிவிடாதீர்கள், இங்கே பகலில் பெரும்பாலும் பதினைந்து இருபது டிகிரிதான் இருக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். தோட்டத்தின் ஒரு மூலையில் தாய் வாத்தும் எட்டுக் குஞ்சுகளும் வெண்கலத்தில் வரிசையாக நடக்கும். குழந்தைகள் உட்கார்ந்து உட்கார்ந்து அவற்றின் முதுகு பளபளவென்று இருக்கும்.

இங்கேயே நாளை முடித்துக்கொண்டாலும் குறையில்லை. ஆர்லிங்டன் நிலையம் தோட்டத்தின் மூலையிலேயே இருக்கிறது, லிஃப்டும் உண்டு. முடியும் என்றால் பாய்ல்ஸ்டன் தெருவில் மூன்று குறுக்குத் தெருக்கள் நடந்து, அல்லது ஒரே ஒரு நிறுத்தம் ரயிலில், கோப்ளி சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே டிரினிட்டி சர்ச் இருக்கிறது. காலையில் பார்த்ததற்கு நேர் எதிர். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1877-ல் திறந்தது. பாறை போன்ற சுவர்கள், நடுவில் பெரிய சதுரக் கோபுரம், உள்ளே ஜான் லா ஃபார்ஜின் அடர்ந்த சிவப்புச் சுவரோவியங்களும் வண்ணக் கண்ணாடிகளும். இது நிற்கும் பேக் பே பகுதி முழுக்க ஒரு காலத்தில் தண்ணீர். ரயிலில் இரவு பகலாகச் சரளை கொண்டுவந்து கொட்டி மேடாக்கிய நிலம். அந்த இளகிய மண்ணில் இவ்வளவு கல்லை நிறுத்த சுமார் 4,500 மரக் கம்பங்களை அடித்து இறக்கினார்கள். மரம் நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும் வரை மக்காது, நீர் மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும். அதனால் இந்தப் பகுதியில் இன்றும் கிணறு போட்டு நீர் மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் 60 மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்குக் குழி தோண்டியபோது தேவாலயம் அசைந்து விரிசல் விட்டு, வழக்கு வரை போனது. இப்போது அந்தக் கண்ணாடியில் தேவாலயத்தின் பிம்பம் விழுகிறது, மாலையில் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அது ஒன்றே போதும். உள்ளே போவதானால் ஞாயிறன்று பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள், கட்டணம் உண்டு.

சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் பொது நூலகம். 1895 கட்டடம், ஞாயிறு மதியமும் திறந்திருக்கும், இலவசம். உள்முற்றத்தில் நீரூற்றைச் சுற்றி வளைவுத் தாழ்வாரம், நாற்காலிகள். தேநீர் குடிக்க, கழிப்பறைக்கு, வெறுமனே காலை நீட்டி உட்கார, எல்லாவற்றுக்கும் இதுதான் இடம்.

ரயில் பற்றி: ஒரு பயணத்துக்கு 2.40 டாலர், காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டையையே வாசலில் தட்டலாம். காலையில் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்குங்கள், தேவாலயம் எதிரிலேயே. 1897-ல் திறந்த அந்தச் சுரங்கப்பாதைதான் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில்பாதை, லிஃப்ட் இருக்கிறது. பாய்ல்ஸ்டன் நிலையத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அங்கே படிதான்.

நீங்கள் வரும் ஞாயிறு மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறாக இருந்தால், எனக்கு எழுதுங்கள். அன்று ஊரின் தென்பகுதியில் இருக்கும் ஆர்னால்ட் மரத்தோட்டத்தில் லைலாக் ஞாயிறு. நூறு வருடங்களுக்கும் மேலாக நடக்கிறது. 281 ஏக்கர், வருடம் முழுவதும் அங்கே சாப்பாடு கொண்டுபோய் உட்கார அனுமதி இல்லாமல், அந்த ஒரு நாள் மட்டும் விடுவார்கள். அப்படியானால் கோப்ளியை விட்டுவிட்டு, ஆரஞ்சு பாதையில் கடைசி நிறுத்தமான ஃபாரஸ்ட் ஹில்ஸ் வரை போகும்படி திட்டத்தை மாற்றித் தருகிறேன். லைலாக் பூவின் மணம் அம்மாவுக்குப் பிடிக்கும். மல்லிகை மாதிரி இருக்காது, ஆனால் அதைப் போலவே தெரு முனையிலேயே வந்து நம்மைக் கூப்பிடும்.